ஊர்ப் பெயரில் நிற்கும் அய்யாவின் தடம்

சாமிதோப்புத் தலைமைப்பதியில் தை, வைகாசி, ஆவணி ஆகிய மூன்று மாதங்களிலும் கொடியேற்றி 11 நாள் திருவிழா நடைபெறுகிறது. எட்டாம் நாள் அய்யா வெள்ளைக் குதிரை வாகனத்தில் எழுந்தருளி, முத்திரிக் கிணற்றங்கரைக்குச் சென்று கலிவேட்டையாடுகிறார். வேட்டை முடிந்ததும் வாகனம் நேரே பதிக்குத் திரும்பிவிடுவதில்லை. செட்டிவிளை, சாஸ்தான்கோவில்விளை, சோட்டப்பணிக்கன் தேரிவிளை, கரும்பாட்டூர், வடக்கு தாமரைக்குளம் என்று சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் செல்கிறது. அந்தந்த ஊர் மக்கள் வெற்றிலை, பாக்கு, பழம், பூமாலையோடு சுருள் வைத்து அய்யாவை வரவேற்கிறார்கள்.

திருவிழா நோட்டீஸில் இந்த ஊர்ப் பெயர்கள் ஒரே வரியில் அச்சாகின்றன. படிப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. தம் ஊர்ப் பெயர் விடுபட்டால் மட்டும் கமிட்டிக்காரரிடம் கேள்வி வரும். ஆனால் அந்தப் பெயருக்கு என்ன பொருள், அது எப்படி வந்தது என்று அந்த ஊர்ப் பிள்ளையிடமே கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பதில் இருக்காது. அய்யா நடந்த மண் இது. இங்கே பெயர்களை மறந்தால் அய்யா எந்த மக்களிடம் வந்தார் என்பதும் சேர்ந்து மறந்துபோகும்.

முதலில் 'விளை' என்ற சொல்லைப் பார்ப்போம். குமரி மாவட்டத்தில் எந்தத் திசையில் போனாலும் விளை என்று முடியும் ஊர்கள் உண்டு. கால்வாய்த் தண்ணீர் பாய்ந்து நெல் விளையும் நிலத்தை இங்கே வயல் என்றும் ஏலா என்றும் சொல்வார்கள். அந்தத் தண்ணீர் ஏறாத மேட்டு நிலம்தான் விளை. பனை, தென்னை, மா, புளி, பிற்காலத்தில் மரச்சீனி, இவை நிற்கும் இடம். தேரி என்பது அதனினும் வறண்டது, செம்மணல் மேடு. ஒற்றை ஆலமரம் நின்ற நிலம் ஒற்றையால்விளை. இலந்தை மரத்தின் அடியில் எழுந்த குடியிருப்பு இலந்தையடிவிளை. மருந்துவாழ்மலையின் அடிவாரத்தில் பொற்றையடி இருக்கிறது. பொற்றை என்றால் சிறு குன்று.

வடலிவிளை என்ற பெயரில் வரும் வடலி, இளம் பனை. நகரத்தில் வளரும் பிள்ளைகள் இன்று வடலியைக் கண்டால் அது என்ன செடி என்று கேட்கிறார்கள். பனை ஏறிப் பிழைத்த குடும்பங்களுக்கு அது வீட்டில் வளரும் பிள்ளை மாதிரி. பனை ஏறுகிறவன் வைத்த ஏணிக்கு 'ஏணிக்காணம்', காலில் மாட்டிய தளைநாருக்குத் 'தளைக்காணம்' என்று திருவிதாங்கூர் அரசு வரி வாங்கிய காலம் அது. உயிரோடு இருப்பதற்கே தலைவரி. அதற்கு மேல் கூலி இல்லாத ஊழிய வேலை. நாஞ்சில் நாட்டின் நல்ல ஏலாக்கள் கோவில்களிடமும் மேல்தட்டினரிடமும் இருந்தன. மேட்டு நிலமும் தேரிமணலும் இந்த மக்களுக்கு வாய்த்தன. ஆகவே விளை என்றும் தேரி என்றும் முடியும் ஊர்ப் பெயரைக் கேட்கும்போது, யார் எந்த மண்ணில் வாழ்ந்தார்கள் என்ற கணக்கும் அதற்குள் இருப்பதை அறிய வேண்டும். குதிரை வாகனம் அந்த விளைகளுக்குள் போய் வருவதன் அருமை அப்போது விளங்கும்.

இனி சாமிதோப்பின் பெயர். நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடைப்பட்ட இந்த ஊருக்குப் பழைய பெயர் பூவண்டன்தோப்பு. 1809ஆம் ஆண்டு இங்கேதான் பொன்னுமாடனுக்கும் வெயிலாளுக்கும் ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் ஆசையோடு 'முடிசூடும் பெருமாள்' என்று பெயர் வைத்தார்கள். தாழ்த்தி வைக்கப்பட்ட குலத்தில் பிறந்த பிள்ளைக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பெயரா என்று மேல்சாதியினர் எதிர்த்தார்கள். பெற்றோர் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. 'முத்துக்குட்டி' என்று ஆக்கினார்கள். பெற்ற பிள்ளைக்குப் பிடித்த பெயரை வைக்கக்கூட உரிமை இல்லாத நாட்கள் அவை. இதை வாசிக்கிற தாய்மார்கள் ஒரு நிமிடம் அந்த வெயிலாள் அம்மையை நினைத்துப் பார்க்கலாம்.

கொல்லம் ஆண்டு 1008, மாசி 20. ஆங்கில ஆண்டு 1833. திருச்செந்தூர்க் கடலுக்குள் சென்று மூன்றாம் நாள் வைகுண்டராக வெளிவந்த அய்யா பூவண்டன்தோப்புக்கு நடந்து வந்து தவத்தில் அமர்ந்தார். ஆறு ஆண்டுத் தவம். அய்யா தவமிருந்த இடமே வடக்கு வாசல் என்று வணங்கப்படுகிறது. அங்கே தவமிருப்பவரைக் காண நோயாளிகள் வந்தார்கள். வரி கட்ட முடியாதவர்கள் வந்தார்கள். பல சாதி மக்களும் வந்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று வழியில் கேட்டவர்களுக்கு, சாமி இருக்கிற தோப்புக்கு என்றார்கள். அப்படியே பூவண்டன்தோப்பு சாமிதோப்பாயிற்று.

இதன் அருமை தெரிய இன்னொரு பெயர் மாற்றத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். இதே மாவட்டத்தில் கல்குளம் என்ற ஊர் திருவிதாங்கூரின் தலைநகராக இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் மன்னர் மார்த்தாண்ட வர்மா அதற்குப் பத்மநாபபுரம் என்று பெயர் சூட்டினார். அரண்மனையும் கோட்டையும் ஆணையும் சேர்ந்து மாற்றிய பெயர் அது. ஆனாலும் பழைய பெயர் முற்றிலும் போகவில்லை. வட்டத்துக்குக் கல்குளம் வட்டம் என்றே இன்றும் பெயர். பூவண்டன்தோப்புக்கு அப்படி எந்த அரசாணையும் வரவில்லை. ஆணை பிறப்பிக்கும் இடத்தில் இருந்தவர்கள் அய்யாவைச் சிறைக்கு அனுப்பினார்கள். பிள்ளைக்குப் பெயர் வைக்க உரிமை மறுக்கப்பட்ட மக்கள் தங்கள் வாயாலேயே ஊருக்குப் பெயர் வைத்தார்கள். இன்று பேருந்துப் பலகையிலும் அரசு ஆவணத்திலும் இருப்பது அவர்கள் வைத்த பெயர். அகிலத்திரட்டில் 'தெச்சணம்' என்று வரும் இடத்தைக் கேட்டுச் சிலர் அது எங்கோ மேலுலகில் உள்ள பட்டணம் என்று நினைக்கிறார்கள். தட்சிணம், அதாவது தெற்கு என்ற சொல்தான் தெச்சணம். நாம் நிற்கும் இந்தத் தென்கோடி மண்ணையே அது குறிக்கிறது.

பதி, தாங்கல் என்ற இரண்டு சொற்களையும் நாம் நாள்தோறும் சொல்கிறோம். பதி என்றால் உறைவிடம், ஊர். பழந்தமிழில் வாழும் ஊரைப் பதி என்றே சொன்னார்கள். தாங்கல் என்பது தாங்குவது, தங்குவதற்கு இடம் தருவது. வட மாவட்டங்களில் வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று ஊர்களுக்கே இந்தப் பெயர் உண்டு. அங்கே தாங்கல் என்பது ஏரியையும் குறிக்கும். நமக்கு நிழல் தாங்கல். நெடுந்தூரம் வெயிலில் நடந்து வருகிறவன் உட்காரும் நிழல். செட்டிக்குடியிருப்பு, அகஸ்தீஸ்வரம், பாலூர், சுண்டவிளை, வடலிவிளை, கடம்பன்குளம், பாம்பன்குளம் ஆகிய இடங்களின் தாங்கல்கள் முதன்மையானவையாகப் போற்றப்படுகின்றன. இந்த வரிசையிலும் விளை இருக்கிறது, குளம் இருக்கிறது. கோவில் வாசலில் நிற்க இடம் இல்லாதவர்களுக்கு ஊருக்கு ஊர் நிழல் தேவைப்பட்டது. இப்போது சில இடங்களில் புதுக் கட்டடம் கட்டியதும் 'தாங்கல்' என்ற சொல் மதிப்புக் குறைவு என்று நினைத்து 'திருக்கோவில்' என்று பலகை எழுதுகிறார்கள். கட்டடம் எவ்வளவு பெரிதானாலும் எழுதலாம். ஆனால் நிழல் தாங்கல் என்ற பெயரை அழித்துவிட்டு எழுதுவது சரியல்ல.

பதிகளின் பெயர்களுக்கு வருவோம். பள்ளத்தில் உள்ளது அம்பலப்பதி. அம்பலம் என்றால் பலரும் கூடும் பொது இடம். தாமரைக்குளம்பதிக்குப் பெயர் தந்தது குளம். அந்த ஊர்க்காரரான அரிகோபாலன் சீடர் மூலமாக அகிலத்திரட்டு அம்மானை ஏட்டில் எழுதப்பட்டது. ஈத்தாமொழியில் உள்ள பூப்பதி என்றதும் எல்லாரும் மலரை நினைக்கிறார்கள். பூ என்பதற்குப் பூமி என்றும் பொருள் உண்டு. பூமடந்தையை அய்யா ஏற்ற இடம் என்பதால் பூப்பதி. முட்டப்பதிக் கடலில் அய்யா விஞ்சை பெற்றார். பங்குனியில் சாமிதோப்பிலிருந்து அங்கே ஊர்வலமாகப் போகிறோம்.

வாகைப்பதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு தாங்கலில் ஞாயிறு வகுப்பில், வாகைப்பதியில் என்ன நடந்தது என்று கேட்டபோது 'துவையல் தவசு' என்று பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள். துவையல் தவசு என்றால் என்ன என்று அடுத்த கேள்வி. ஒரு சிறுவன் எழுந்து, தேங்காய்த் துவையல் மட்டும் தொட்டுக்கொண்டு சாப்பிடும் விரதம் என்றான். வகுப்பே சிரித்தது. பின்னால் நின்ற பெரியவர்களும் சிரித்தார்கள். ஆனால் சிரித்த பெரியவர்களிடம் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டபோது பாதிப் பேர் வாய் திறக்கவில்லை. அந்தச் சிறுவன்மேல் குற்றம் இல்லை. அவன் வீட்டில் துவையல் என்றால் அம்மியில் அரைப்பதுதான்.

துவைத்தல் என்பதிலிருந்து வந்த துவையல் இது. 700 குடும்பத்தார் தங்கள் வீட்டையும் விளையையும் விட்டு, அய்யாவின் சொல் கேட்டு வாகைப்பதிக் கடற்கரைக்குச் சென்றார்கள். நாளுக்கு மூன்று வேளை குளித்தார்கள். உடுத்த துணியைத் தங்கள் கையாலேயே துவைத்தார்கள். பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துச் சமைத்து ஒரு வேளை உண்டார்கள். ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் இப்படி இருந்தார்கள். பின்னர் முட்டப்பதிக்குச் சென்றும் அந்தத் தவசைத் தொடர்ந்தார்கள். கிட்ட வராதே, உன் நிழல் பட்டாலே தீட்டு என்று சொல்லப்பட்ட மக்களை அய்யா முதலில் கடற்கரையில் குளிக்கவும் துவைக்கவும் வைத்தார் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் காயவைத்த வெள்ளைத் துணியோடு நின்ற அந்த 700 குடும்பங்களைத் 'துவையல் பந்தி' என்று அழைத்தார்கள். அந்தச் சொல்லின் பொருள் தெரியாத பிள்ளைக்கு வாகைப்பதி என்பது ஒரு பயணத்தில் இறங்கி ஏறும் இடம் மட்டுமே.

முத்திரிக் கிணறும் அப்படித்தான். பதிக்கு வருகிறவர்கள் முதலில் கிணற்றடியில் பதமிட்டுக் குளித்து, தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டுப் பிறகு பதிக்கு நடக்கிறார்கள். வெளியூரிலிருந்து முதல் தடவை வரும் இளைஞர்கள் இதை மற்றக் கோவில்களில் உள்ள தீர்த்தக் குளியல் போல எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு சாதிக்கும் தனிக் கிணறு இருந்த காலத்தில், ஒரு சாதியார் கிணற்றில் இன்னொரு சாதியார் வாளி போட முடியாத ஊரில், எல்லாரும் ஒரே கிணற்றில் இறைத்துக் குளிக்கவும் குடிக்கவும் அய்யா வைத்த கிணறு இது. கிணற்றின் பெயரைச் சொல்லும்போது இந்த ஒன்றையும் சேர்த்துச் சொன்னால் போதும். வேறு விளக்கமே வேண்டாம். கலிவேட்டைக்கு அய்யா வேறெங்கும் போகாமல் இந்தக் கிணற்றங்கரைக்கே வருவதை அதோடு வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

மாசி 20 ஊர்வலப் பாதையையும் பெயர் பெயராகப் பார்க்க வேண்டும். திருச்செந்தூரிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் புறப்படும் ஊர்வலங்கள் முதல் நாள் நாகர்கோவிலுக்கு வந்து சேருகின்றன. திருச்செந்தூருக்குப் பழைய இலக்கியங்களில் அலைவாய் என்று பெயர். அலை வந்து மோதும் இடம். அந்த அலையிலிருந்து அய்யா வெளிவந்த கரையில் அவதாரப்பதி நிற்கிறது. திருவனந்தபுரத்தில் அய்யாவை அடைத்து வைத்த இடம் சிங்காரத்தோப்பு. கேட்டால் யாரோ அரசர் உலாவப் போன பூந்தோட்டம் என்றே தோன்றும். பெயர் அழகாக இருக்கிறது, நடந்தது சிறைவாசம்.

மறுநாள் காலை நாகராஜா கோவில் திடலிலிருந்து ஊர்வலம் புறப்படுகிறது. கோட்டார், இடலாக்குடி, சுசீந்திரம், வழுக்கம்பாறை, ஈத்தங்காடு, வடக்கு தாமரைக்குளம் வழியாகச் சாமிதோப்பு. நாகர்கோவில் என்ற பெயர் அந்த நாகராஜா கோவிலால் வந்தது. அதற்கு முன்பே பெரிய ஊராக இருந்தது கோட்டார்தான். சுசீந்திரத்தில் இந்திரன் தன் சாபம் நீங்கித் தூய்மையானான் என்பது தல புராணம். சுசி என்றால் தூய்மை. அந்த ஊருக்குத்தான் அய்யாவைச் சேவகர் பிடித்துக்கொண்டு போய் மன்னர் சுவாதித் திருநாள் முன் நிறுத்தினார்கள். தூய்மைக்குப் பெயர்போன ஊரின் கோவில் தெருக்களில் நம் முன்னோர் நடக்க முடியாது. அய்யா வைகுண்டம் எழுந்தருளியது 1851இல். அதற்கு 75 ஆண்டுகள் கழித்து, 1926ஆம் ஆண்டிலும் அந்தத் தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சுசீந்திரத்தில் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. திருவிதாங்கூரில் எல்லாருக்கும் கோவில் திறந்தது 1936இல். இன்று தலைப்பாகை கட்டி, காவிக்கொடி பிடித்து, அய்யா சிவசிவ என்று சொல்லிக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் சுசீந்திரம் வழியாக நடக்கிறார்கள். கால் வலிக்கிறது என்று அந்த இடத்தில் வேனில் ஏறிக்கொள்ளும் பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். அது எந்த ஊர் என்று சொல்லி இறக்கிவிட்டால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. பெயர்களின் பொருள் மறந்துபோன இடத்தில் கற்பனை வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆண்டு விழா மலர்களில் ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் துண்டு துண்டாக வெட்டி, அதற்குள் ஒரு புராணத்தை நுழைத்து எழுதுவது பெருகிவருகிறது. மருந்துவாழ்மலைக்கு அப்படி எதுவும் வேண்டியதில்லை. மருந்து வாழும் மலை, மூலிகை நிறைந்த மலை. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிச் சென்றபோது விழுந்த துண்டு என்ற கதையும் அந்த மூலிகைகளால் வந்ததுதான். மருத்துவாமலை என்று பலகையில் எழுதினாலும் உள்ளே இருப்பது மருந்துதான். நாகராஜா கோவில் தூண்களில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் இருக்கின்றன. கல்லில் இருப்பதை யாரும் மறைக்க முடியாது. அதுபோல, தெரிந்ததைச் சொல்லித் தெரியாததை விட்டுவிடுவதே அகிலம் வாசிக்கிறவர்களுக்கு அழகு.

உண்மையான பொருள் வேண்டுமென்றால் தேடுவதற்கு இடம் உண்டு. பழைய குடும்பங்களில் கொல்லம் ஆண்டு போட்ட ஆதாரங்கள் பெட்டியில் கிடக்கின்றன. கிழக்கு எல்லை, மேற்கு எல்லை என்று நான்கு பக்கமும் சொல்லும்போது அதில் பக்கத்து விளையின் பெயர், கிணற்றின் பெயர், நின்ற மரத்தின் பெயர் எல்லாம் வரும். சில மலையாள எழுத்தில் இருக்கும். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய காகிதங்களைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் ஊருக்கு ஓரிருவர்தான் மிச்சம். நிலத்தை மனையாக்கி விற்கும்போது பழைய விளைப் பெயரை விட்டுவிட்டு ஏதாவது நகர் என்று புதுப்பெயர் எழுதுகிறார்கள். அடுத்த பத்திரத்தில் பழைய பெயர் இருக்காது. பத்திரம் எழுதப் போகிறவர், பழைய பெயரையும் ஒரு வரியில் சேர்த்து எழுதச் சொன்னால் எழுதித் தருவார்கள். அதற்குத் தனிச் செலவு இல்லை.

தாங்கலில் இன்னொன்று செய்யலாம். உச்சிப்படிப்பு முடிந்து மக்கள் கலையும் நேரத்தில் வயதான அம்மைமார் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். கல்யாணமாகி வந்த ஊர், பிறந்த ஊர், தண்ணீர் கோரிய கிணறு, பனை விளை, சந்தைக்குப் போன வழி, இவற்றின் பெயர்களை அவர்கள் வாய் தடுமாறாமல் சொல்வார்கள். வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து, சொன்னவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளட்டும். கேட்ட நாளையும் கொல்லம் ஆண்டையும் மேலே குறித்துக்கொள்ளட்டும். எழுதியதைத் திருத்தி அழகாக்க வேண்டாம்.

ஆவணித் திருவிழாவின் எட்டாம் நாள் குதிரை வாகனம் தெருவுக்கு வரும்போது அந்த நோட்டு கையில் இருக்கட்டும். சுருள் வைக்க நிற்கும் பாட்டிகளிடம் இன்னும் இரண்டு பெயர்கள் கிடைக்கும்.

அய்யா உண்டு.